கிரைண்டரைக் கழித்த பின்

குழம்பிப்போவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கல்லூரியில் நான் சொல்லிக்கொடுக்கும் பாடமே அப்படிப்பட்டது. ஒரு கோடு மேலும் கீழும் நெளிந்துகொண்டு போகும். அதில் எது செய்தி, எது இரைச்சல் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வெகுகாலமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இன்றைக்கும் புதிதாக ஒரு கோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல், அப்புறம்தான் அறிவு.

வலியசாலையில் நானும் அக்காவுமாக இரண்டே பேர் இருக்கிறோம். அத்திம்பேர் காலமான பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. அதற்கு என் கோபம்தான் காரணம் என்பது அக்காவின் கட்சி. காலையில் நான் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போவேன். அவள் மாவு அரைப்பாள். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இட்லி மெத்தென்று இருந்தால் அது அக்காவின் மாவு என்று அர்த்தம். கூடத்தை ஒட்டிய பின்கட்டில் ஒரு பெரிய சாய்க்கிற கிரைண்டர் இருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் வாங்கியது. கொஞ்ச நாளாக அது சுற்றும்போது அடியிலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். பேரிங் தேய்ந்துவிட்டது, மாற்று என்றேன். "ஓடறதோல்லியோ? பின்ன எதுக்காக்கும் மாத்தறது?" என்றாள் அக்கா.

அந்த டக் டக்குக்காகக் கல்லூரியில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அவள் இன்றுவரை நம்பவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசையில் மோட்டார்கள். பேரிங்கின் உள்ளே ஒரு சின்னப் பள்ளம் விழுந்தால், குண்டு அதன் மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் அதிர்வு வரும். அதைப் பதிவு செய்து, மோட்டார் நிற்பதற்கு முன்னாலேயே கோளாறைச் சொல்லிவிடலாம். அடுத்த மேசையில் இதயங்கள். இதயங்கள் என்றால் யார் யாருடையதோ இசிஜிப் பதிவுகள். இரண்டையும் ஒரே கணினி நிரலில்தான் போடுவோம். நிரலுக்கு மோட்டாரும் தெரியாது, மனுஷனும் தெரியாது.

அந்த நிரலுக்குள் இருப்பது வேவ்லெட். சிற்றலை என்று தமிழில் எழுதுகிறார்கள். பிறந்து, இரண்டு துள்ளுத் துள்ளி, அடங்கிவிடுகிற ஒரு குட்டி அலை. அதைக் கோட்டின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கோடு எங்கெல்லாம் அந்த அலையைப் போல நெளிகிறதோ அங்கெல்லாம் எண் பெரிதாக வரும். பிறகு அதே அலையை இழுத்து நீட்டி இன்னொரு தடவை, இன்னும் நீட்டி மறுபடியும். குறுகிய அலை சட்டென்று வந்து போகும் துடிப்புகளைப் பிடிக்கும்; நீண்ட அலை மெதுவான ஆட்டங்களைப் பிடிக்கும். சமையலறையில் ரவைக்கு ஒரு சல்லடை, மாவுக்கு ஒரு சல்லடை வைத்திருப்பதைப் போலத்தான். எந்தச் சல்லடையில் எது தங்கும் என்பதைத் தீர்மானிப்பது நாம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அக்காவுக்கு அந்த வருஷம் அடிக்கடி அசதி வந்தது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவள் ஒரு நாள் திடீரென்று ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். என்ன என்று கேட்டால், "க்ஷீணம், வேறொண்ணும் இல்லை" என்றாள். இவளுக்கு உலகத்தில் வருகிற எல்லா நோய்க்கும் க்ஷீணம் என்ற ஒரே பெயர்தான். நான் சண்டை போட்டு இதய டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். சாதாரண இசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டி, ஒயர்களை இழுத்து, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்பினார்கள். தண்ணீர் படக்கூடாது, மற்றபடி தினமும் செய்கிற வேலைகளை அப்படியே செய்யுங்கள் என்று சொன்னார்கள்.

எங்கள் வீட்டுப் புத்தி எங்கே போகும்? சோதனை என்றால் எங்களுக்குப் பரீட்சை. விருந்தாளி வருவதற்கு முன் கூடத்தைப் பெருக்குவதைப் போல இதயத்தையும் ஒழுங்குபடுத்தி வைத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நான் அக்காவிடம், நாளைக்கு நீ ஒரு துரும்பைக்கூட நகர்த்தக்கூடாது, படுத்தே கிட என்றேன். சிக்னல் பாடம் நடத்துகிறவள் சொன்ன யோசனை இது. அவள் வழக்கத்துக்கு மாறாக உடனே தலையாட்டினாள். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் நான் வழக்கம்போலக் கல்லூரிக்குப் போய்விட்டேன்.

முடிவு வந்தபோது டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நாள் முழுக்க அடக்கமாக ஓடியிருந்த கோடு, முற்பகலில் ஓரிடத்தில் திடீரென்று பெரிய பெரிய அலைகளாக எழுந்து, அகலமாக, வேகமாகப் போயிருந்தது. பிறகு பழையபடி அடங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவர் மலையாளத்தில் கேட்டார். படுத்துக்கொண்டிருந்தேன் என்று அக்கா மலையாளத்திலேயே சொன்னாள். மயக்கம், படபடப்பு ஏதாவது? ஒன்றுமில்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

படுத்திருக்கும்போதே இதயம் இப்படி ஓடுகிறதென்றால் விளையாட்டில்லை என்றார் டாக்டர். வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதினார், காலையில் சாப்பிட்ட பிறகு. அடுத்த வாரம் வந்தால், காலில் ஒரு ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்து, மேற்கொண்டு என்ன செய்வது என்று முடிவு செய்யலாம். அக்கா வெளியே வந்ததும் சொன்னாள்: "கம்பியெல்லாம் வேண்டாம். கேட்டியா? நான் இப்படியே போயிக்கறேன்." எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள்ளே பயம்தான் இருந்தது. இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

மறுபடியும் உள்ளே போய், பதிவின் பிரதி ஒன்று வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். நான் செய்கிற வேலையைச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் கொடுக்கச் சொன்னார். பென் டிரைவில் அக்காவைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

அந்தப் பெரிய அலைகளைத் திரையில் விரித்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது ஆச்சரியம்கூட இல்லை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்ற எரிச்சல். வேவ்லெட்டில் போட்டேன். நீண்ட அலையின் சல்லடையில் அந்தப் பெரிய ஆட்டம் மொத்தமாகத் தங்கிவிட்டது. குறுகிய அலையின் சல்லடையில் சின்னச் சின்ன ஊசிகள் தெரிந்தன. அக்காவின் வழக்கமான நடையில், ஆட்டத்தைச் சட்டை செய்யாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அது துடிப்பு. இடையிடையே வேறொரு வரிசை அதிர்வுகளும் இருந்தன, மிகச் சீராக. மனித உடம்பில் எதுவும் அவ்வளவு சீராக இருக்காது. பக்கத்து மேசையில் இருக்க வேண்டிய கோடு இந்த மேசைக்கு வந்துவிட்டதா என்று கோப்பின் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்காவின் கோப்புதான்.

இது இயந்திரம் என்று ஒரு மனசு சொன்னது. அக்கா படுத்திருந்தாளே என்றது இன்னொரு மனசு. கட்டிலுக்கு ஏது பேரிங்?

என்னோடு வேலை செய்கிற ஒருத்தி, கொல்லத்துக்காரி, பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். வேறொரு வேவ்லெட்டைப் போட்டுப் பார் என்றாள். போட்டேன். ஊசிகள் பாதி மழுங்கிப்போயின. இன்னொன்றைப் போட்டேன். டாக்டர் சொன்னதுதான் சரி என்பது போல இருந்தது. நான்காவதில் மறுபடியும் ஊசிகள் வந்தன. அவள் சிரித்துவிட்டு, "சேச்சிக்கு எந்த உத்தரம் வேணுமோ அதைத் தர்ற வேவ்லெட்டைத் தேடறீங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். சேச்சி நான்தான்; உத்தரம் என்றால் விடை. கேலியாகத்தான் சொன்னாள்.

ஆனால் அவள் சொன்னது உண்மை. இரைச்சலைக் கழிக்க ஓர் எல்லை வைப்போம். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் குப்பை. எல்லையைக் கொஞ்சம் உயர்த்தினால் அக்காவின் கோடு அழகாகிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் வேகம், அகலம், பயம் எல்லாம் போய்ப் புத்தகத்தில் அச்சடித்த இதயம் கிடைக்கிறது. அதற்கும் மேலே உயர்த்தினால் அக்காவே இருக்கமாட்டாள், வெறும் கோடுதான். நான் கழிப்பது இரைச்சலையா, அக்காவின் நோயையா? மூன்று நாள் இப்படியே போயிற்று. வீட்டில் அவள் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எனக்குக் காபி கொடுத்து அனுப்புவாள். நான் கல்லூரியில் உட்கார்ந்து அவளைச் சலித்துக்கொண்டிருப்பேன்.

நேராகக் கேட்டேன். "அன்னிக்கு நெஜமாவே படுத்துண்டுதான் இருந்தியா?"

"நீதானே படுக்கச் சொன்னே?"

"அதைக் கேக்கலை."

"படுத்துண்டு இருந்தேன்னு டாக்டர்ட்ட சொல்லியாச்சு. பின்ன எத்தனை தடவை சொல்லணும்?" என்று உள்ளே போய்விட்டாள். அது பதிலே இல்லை என்பது எனக்கு இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரியின் அதிர்வுமானியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டைவிரல் நுனி அளவு இருக்கும் ஒரு சின்ன உலோகக் கட்டி. மோட்டாரில் அதை மெழுகு வைத்து ஒட்டுவோம். கிரைண்டரின் விளிம்புச் சட்டத்தில் மெழுகைத் தடவும்போது அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாவுல மெழுகு விழுந்தா ஆரு பதில் சொல்றது?"

"விழாது."

"என்ன பண்ணப் போறே?"

"உன் கிரைண்டருக்கு இசிஜி எடுக்கப் போறேன்."

அவள் சுவிட்சைப் போட்டாள். டிரம் சுற்றியது, அடியில் டக் டக் என்றது. லேப்டாப்பில் ஒரு பக்கம் கிரைண்டரின் கோட்டையும் மறுபக்கம் அக்காவின் கோட்டையும் போட்டேன். டிரம் ஒரு சுற்றுச் சுற்றும் நேரமும் அந்தப் பெரிய அலை ஒன்றின் நீளமும் ஒன்றாக இருந்தன. சீராக விழுந்த அந்த அதிர்வுகளும் பேரிங்கின் டக் டக்கும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. இவள் இதயத்தில் ஓடியது எங்கள் வீட்டுக் கிரைண்டர்.

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். அவளுக்கு அதில் என்ன புரிந்ததோ, என் முகத்தைப் பார்த்துக் கதை முடிந்தது என்று தெரிந்துகொண்டாள்.

"அரைச்சேன். அதுக்கென்ன இப்போ? மறுநாள் ஒரு ஆத்துல சீமந்தம். மாவு தரேன்னு வாக்குச் சொல்லியாச்சு. வாக்குச் சொன்னா கொடுக்கண்டாமா?"

"டாக்டர்ட்ட எதுக்குப் பொய் சொன்னே?"

"நீ பக்கத்துல உக்காந்துண்டு இருந்தே. சத்தம் போடுவே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவளும் சிரித்தாள். கம்பி வேண்டாம், மாத்திரை வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அன்றைக்கு இருவருமாக, புளிக்கக்கூட விடாமல், அந்த மாவிலேயே தோசை வார்த்துச் சாப்பிட்டோம். அத்தனை வருஷ வேலையில் வேவ்லெட்டால் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்தத் தோசை.

சாயங்காலம் டாக்டரிடம் காட்டுவதற்காகக் கிரைண்டரைக் கழித்த கோட்டை அச்செடுத்தேன். சுத்தமான துடிப்புகள், ஒரே நடை. ஒரே ஒரு குறை இருந்தது. கிரைண்டர் அலை ஆரம்பிக்கிற இடத்தில் கொஞ்ச தூரம் துடிப்பே இல்லை. கோடு தட்டையாகக் கிடந்தது. இது என் கைவேலை என்று நினைத்தேன். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் ஓரங்களில் வேவ்லெட் எப்போதும் தடுமாறும். அந்த இடத்தை நம்பாதீர்கள் என்று மாணவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். டாக்டர் வீணாகக் குழம்பக்கூடாதே என்று அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு மறுபடியும் அச்செடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். காகிதத்தை வீணாக்குவானேன் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை டாக்டரிடம் புறப்பட வேண்டும். இட்லி சாப்பிட்டுக்கொண்டே அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது இன்னொரு குழப்பம் வந்தது. சும்மா இருக்கத் தெரியாத புத்தி. ஒரு ஈடு மாவு அரைபட எவ்வளவோ நேரம் ஆகும். கிரைண்டர் அத்தனை நேரமும் ஓடியிருக்கிறது. அக்காவின் பதிவில் அது ஏன் சில கணங்கள் மட்டும் இருக்கிறது? பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்தால், மாவை வழித்துவிட்டால், நெஞ்சில் ஒட்டிய ஒயர் இவ்வளவு ஆடாது. உடம்பு மொத்தமும் அதன் மேல் சாய்ந்தால்தான் ஆடும்.

"அக்கா, அரைக்கும்போது கிரைண்டர் மேல சாஞ்சியா?"

"சாயாம பின்னே?" அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டு மாத்திரை டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்; டாக்டர் வாயால் நிறுத்தச் சொல்லும்வரை போடு என்று நான்தான் சொல்லியிருந்தேன். "திடீர்னு கண்ணு இருட்டிண்டு வந்துது. விழுந்துடுவேன்னு தோணித்து. கிரைண்டரக் கெட்டியாக் கட்டிப் பிடிச்சுண்டேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடுத்து. க்ஷீணம்தான்."

நான் காகிதத்தைப் பார்த்தேன். முதலில் தட்டையான கோடு. அதன் பிறகு கிரைண்டர்.

லேப்டாப்பைத் திறந்து, நான் கைவைக்காத மூலப் பதிவை எடுத்தேன். அங்கேயும் இருந்தது. பெரிய அலைகள் எழுவதற்குச் சற்று முன்னால் கோடு படுத்துக்கிடந்தது. எந்தச் சல்லடையும் செய்ததில்லை, எந்த ஓரத்துத் தடுமாற்றமும் இல்லை. அக்காவின் இதயம் நின்றிருந்தது. டாக்டரும் நானும் பெரிய அலையைப் பார்த்த கண்ணால் அதற்கு முன்னாலிருந்த வெறுமையைப் பார்க்கவில்லை. இதயம் நின்றது, கண் இருட்டியது, இவள் கையில் அகப்பட்டதைக் கட்டிப் பிடித்தாள், அது உலுக்கியது. வேகமாக ஓடுகிறது என்று நாங்கள் நினைத்த இதயத்தின் கோளாறு அது ஓடாமல் நிற்பது. அதற்கு இத்தனை நாளாக வேகத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா மாத்திரையை வாயருகே கொண்டுபோயிருந்தாள். நான் எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். டம்ளர் தண்ணீர் புடவையில் கொட்டியது.

"என்னடி, பைத்தியம் பிடிச்சுடுத்தா?"

"வேண்டாம். அதைக் கீழ வை. கெளம்பு."

டாக்டர் காகிதத்தை ஒதுக்கிவிட்டு மூலப் பதிவையே வெகுநேரம் பார்த்தார். அக்கா இந்தத் தடவை என்னைப் பாராமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையை நிறுத்தினார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு இரவும் பகலும் பார்த்தார்கள். இதயம் மறுபடியும் நின்றது, அவள் தூக்கத்தில். சில நாளில், இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார்கள். கடைசியில் கம்பியும் உள்ளே போகத்தான் செய்தது, அந்தப் பெட்டியிலிருந்து இதயத்துக்கு. இனி அது நின்றால் பெட்டி தட்டி எழுப்பும்.

வார்டில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது நான் சும்மா இருக்கவில்லை. உடம்பு தேறிவிட்டது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது. கண் இருட்டினால் தரையில் உட்கார வேண்டியதுதானே, ஓடுகிற கிரைண்டரைப் போய் எவளாவது கட்டிப் பிடிப்பாளா, புடவைத் தலைப்பு பெல்ட்டில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பொரிந்து தள்ளினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கண்ணைத் திறந்தாள்.

"பின்ன ஆரைப் பிடிச்சுக்கறது?" என்றாள். "நீ காலேஜுல இருந்தே."

குறையாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னாள். அவள் விழாமல் இருக்கப் பற்றிக்கொண்ட அந்த ஒன்றைத்தான் நான் மூன்று நாள் உட்கார்ந்து, இரைச்சல் என்று, அவளிடமிருந்து கழித்துக்கொண்டிருந்தேன்.